யாரிடமும் சொல்லாத பாதை: ப்ளூ ஜான் கேன்யன், ஏப்ரல் 2003

ஆரோன் ரால்ஸ்டன் என்ற பெயரைக் கேட்டதும், பாறையில் சிக்கிய தன் வலது கையைத் தானே வெட்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர் என்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்குத் தேவைப்பட்ட மன உறுதியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் பாலைப் பள்ளத்தாக்குகளில் நடக்கவும் ஏறவும் போகிறவர்கள் கையை வெட்டிய அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கல் விழுவதற்கு முன்பே செய்யாமல் விட்ட ஒரு காரியம் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. கல் விழுந்த பிறகு, வெகு தொலைவில் அவரைத் தேடத் தொடங்கிய சிலர் அவரைக் காப்பாற்றினார்கள். இந்த இரண்டையும் சேர்த்து, நடந்ததை முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம்.

ஆளும் அனுபவமும்

அவர் அப்போது கத்துக்குட்டி இல்லை. வயது 27. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2002-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, மலைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கொலராடோவின் ஆஸ்பென் நகருக்குக் குடிபோனார். அங்கே மலையேற்றக் கருவிகள் விற்கும் கடையில் வேலை. கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த 59 சிகரங்களையும் குளிர்காலத்தில், தனி ஆளாக ஏறி முடிப்பது அவருடைய இலக்கு. அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்திருந்தார். அதே 2003 பிப்ரவரியில் நண்பர்களோடு போனபோது பனிச்சரிவில் மாட்டி உயிர் தப்பியவர்.

இதையெல்லாம் விட முக்கியமானது, நியூ மெக்சிகோவில் இருந்த காலத்தில் அவர் அல்புகர்க்கி மலை மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருந்தார் என்பது. காணாமல் போனவர்களைத் தேடிப் போகிற வேலை அது. ஒருவர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்ற தகவல் இல்லாவிட்டால் தேடுகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் திணறுவார்கள். அதை அவர் மற்றவர்களைத் தேடிப் போன அனுபவத்திலிருந்தே அறிந்தவர். விஷயம் தெரியாமல் நடந்த தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்காவின் முக்கிய நிலப்பரப்போடு ஒட்டாமல், மேற்கே தனித் துண்டாகக் கிடப்பது ஹார்ஸ்ஷூ கேன்யன். 1971-ல் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. அங்கே ‘கிரேட் கேலரி’ என்ற பாறைச் சுவரில் ஆளுயர உருவங்கள் செங்காவி நிறத்தில் வரிசையாக நிற்கின்றன. கையும் காலும் இல்லாத, தோள் அகன்ற, பேய் போன்ற உருவங்கள். அந்தப் பாறை ஓவியங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். நெடுஞ்சாலை 24-ஐ விட்டுத் திரும்பிய பின் சுமார் 50 கிலோமீட்டர் மண் சாலை. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி, ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப 11 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

இந்த ஹார்ஸ்ஷூ கேன்யனில் வந்து சேர்கிற கிளைப் பள்ளத்தாக்குதான் ப்ளூ ஜான். சுற்றுவட்டாரத்துக்கு ராபர்ஸ் ரூஸ்ட் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புட்ச் கேசிடியின் கொள்ளைக் கூட்டம் பதுங்கிய பகுதி. ஜான் கிரிஃபித் என்பவருக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அதனால் ப்ளூ ஜான் என்று பட்டப்பெயர். அந்தப் பெயர்தான் பள்ளத்தாக்குக்கு நிலைத்துவிட்டது. ஆள் பிடிக்க முடியாத இடம் என்பதால் திருடர்கள் தேர்ந்தெடுத்த நிலம் இது. அங்கே காணாமல் போன ஒருவரைத் தேடுவதும் அதே அளவுக்குக் கஷ்டம்.

ப்ளூ ஜானின் சில பகுதிகள் ‘ஸ்லாட் கேன்யன்’ வகை. நவாஹோ மணற்கல்லை வெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய இடுக்கு. பத்து, இருபது மீட்டர் ஆழம். அகலம் சில இடங்களில் ஒரு மீட்டர்கூட இருக்காது. மணற்கல் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மணல்மேடாக இருந்து இறுகிய பாறை. மணல் துகள்களைக் கால்சைட்டும் களிமண்ணும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரமானால் அந்தப் பிடிப்பு தளரும். அதனால்தான் யூட்டாவின் பாலைப் பாறைகளில் ஏறுகிறவர்கள் மழை பெய்தால் பாறை நன்றாகக் காயும்வரை ஏறாமல் காத்திருப்பார்கள்.

வசந்த காலம் அங்கே நடைக்கும் ஏற்றத்துக்கும் உகந்தது என்பது உண்மைதான். ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டும் வெயில். அப்புறம் செப்டம்பர்வரை எங்கோ பெய்யும் இடிமழை, இடுக்குக்குள் திடீர் வெள்ளமாக வந்து ஆளை அடித்துக்கொண்டு போகும். ஏப்ரலில் அந்த இரண்டும் குறைவு. பகலில் அரைக்கால் சட்டையோடு நடக்கலாம். அங்கேதான் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. மேலே வெயில் இதமாக இருக்கும்போதே இடுக்கின் அடியில் நிழல் விறைக்க வைக்கும். ஒரு நாளில் சில நிமிடங்களுக்கு மட்டுமே வெயில் கீழே தொடும் இடங்கள் உண்டு. ராத்திரி குளிர் வேறு கதை. சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடப் போகிறவருக்கு இது பொருட்டில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நிற்க நேர்ந்தால் அதுவே உயிர்ப் பிரச்சினை.

சனிக்கிழமை, ஏப்ரல் 26

திட்டம் எளிமையானது. ஹார்ஸ்ஷூ கேன்யன் வண்டி நிறுத்தத்தில் தன் வண்டியை விட்டுவிட்டு, மண் சாலையில் சுமார் 24 கிலோமீட்டர் சைக்கிளில் போய், ஒரு ஜூனிபர் மரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ப்ளூ ஜானுக்குள் இறங்குவது. இடுக்குகளைக் கடந்து, வழியில் ஒரு பெரிய செங்குத்து இறக்கத்தைக் கயிற்றில் இறங்கி, ஹார்ஸ்ஷூ வழியாக நடந்து வண்டிக்குத் திரும்புவது. பிறகு வண்டியில் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொள்வது. ஒரு நாள் வேலை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யூட்டாவுக்குப் போகிறேன் என்ற அளவுக்குத்தான் அறைத்தோழர்களுக்கும் கடையில் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். எந்தப் பள்ளத்தாக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

போகும் வழியில், பள்ளத்தாக்குக்குள், மலையேற்றத்தில் பழக்கமுள்ள இரண்டு பெண்களைச் சந்தித்தார். கொஞ்ச தூரம் மூவரும் சேர்ந்து நடந்தார்கள். தங்களோடு வேறு கிளை வழியாக வெளியேற அவர்கள் அழைத்தார்கள். அவர் தன் திட்டப்படியே கீழே போவதாகச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மறுபடி சந்திக்கலாம் என்று பேச்சு. அவர் வரவில்லை. திட்டத்தை மாற்றிக்கொண்டிருப்பார் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. பாதி நாள் பழக்கத்தில் வேறென்ன நினைக்க முடியும்? இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் எந்த இடுக்கில் இருக்கிறார் என்று சரியாக அறிந்த இரண்டு பேர் அந்த வாரம் முழுக்க இருந்தார்கள். ‘இந்த நேரத்துக்குள் வராவிட்டால் ஏதோ ஆபத்து’ என்ற கெடு மட்டும் அவர்களிடம் கொடுக்கப்படவில்லை. இடம் தெரிந்திருந்தும் கெடு தெரியாததால் அந்தத் தகவல் யாருக்கும் பயன்படவில்லை.

பிற்பகல் சுமார் 2.45 மணி. இடுக்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கி நின்ற கல் ஒன்று. ஏறுகிறவர்கள் இதைச் சாக்ஸ்டோன் என்பார்கள். வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து, அகலம் போதாத இடத்தில் விட்டுப் போன கல். அதன்மேல் கால்வைத்து ஏறி, விளிம்பைக் கைகளால் பிடித்துத் தொங்கி, கீழே குதிக்க வேண்டும். இப்படிப்பட்ட இறக்கங்கள் ஒரு நாளில் பல வரும். அவர் அன்றே சிலவற்றைக் கடந்திருந்தார். இந்தக் கல்லில் தொங்கியபோது அது உருண்டது. அவர் கீழே விழ, கல்லும் அவர்மேல் வந்தது. முதலில் இடது கையை நசுக்கியது. அதை இழுத்துக்கொள்வதற்குள் கல் மறுபடி புரண்டு, வலது கையை மணிக்கட்டோடு சேர்த்துச் சுவரில் அழுத்தி நின்றுவிட்டது. கல்லின் எடை சுமார் 360 கிலோ என்று கணிக்கப்பட்டது. 25 கிலோ அரிசி மூட்டை பதினான்கை ஒன்றாகக் கட்டி இறக்கி வைத்தது போல.

கல் ஏன் உருண்டது

சிக்கிய கல்லைப் பற்றி ஒரு விஷயம் புரிந்தால், இந்த விபத்து எவ்வளவு சாதாரணமாக நடக்கக்கூடியது என்பதும் புரியும். அந்தக் கல்லை எந்தப் பசையும் பிடித்து வைத்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் சுவரைத் தொடும் சில புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் உராய்வு. அவ்வளவுதான். மேலிருந்து நேராகக் கீழ்நோக்கி வரும் சுமையில் கல் இன்னும் இறுகும். அதனால் மேலே நின்று மிதித்துப் பார்த்தால் அசையாது, பத்திரம் என்று தோன்றும். ஓரத்தைப் பிடித்துத் தொங்கும்போது சுமை நடுவில் விழுவதில்லை. கல்லைச் சுழற்றும் விசையாக மாறுகிறது. மிதித்துச் சோதித்தபோது பட்ட விசையும் தொங்கும்போது படும் விசையும் வேறு வேறு திசை. தொட்டுக்கொண்டிருந்த ஒரு புள்ளி நழுவினால் கல் புரள்வதற்கு எதுவும் தடையில்லை.

இன்னொன்று, போன வருடம் திடமாக இருந்த கல் இந்த வருடமும் திடமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோடை வெள்ளம் அடியிலிருக்கும் மணலை அரித்துவிடும். குளிர்காலத்தில் விரிசலுக்குள் உறையும் நீர் பாறையை நெம்பும். வசந்தத்தில் இறங்குகிறவர் ஒவ்வொரு கல்லையும் புதிதாகத்தான் சந்திக்கிறார். தொங்கப் போகிற பக்கத்திலேயே, கை இன்னும் வேறு பிடிமானத்தில் இருக்கும்போதே, சிறிது சிறிதாக எடை கொடுத்துப் பார்ப்பதும், முடிந்த இடங்களில் கல்லை விட்டுவிட்டு முதுகையும் கால்களையும் இரு சுவர்களிலும் ஊன்றி இறங்குவதும் ஆபத்தைக் குறைக்கும். முற்றாக இல்லாமல் ஆக்காது. கல் விழுவது இந்த விளையாட்டின் ஒரு பகுதி. அதனால்தான் விழுந்த பிறகு என்ன ஆகும் என்பது முன்கூட்டியே யோசிக்க வேண்டிய கேள்வி.

சிக்கிய நாட்கள்

கையில் இருந்தவை: குறைந்த அளவு தண்ணீர், இரண்டு பரிட்டோ ரொட்டிச் சுருள், கயிறு, ஹார்னெஸ் (இடுப்பில் மாட்டும் வார்ப்பட்டை), காராபைனர்கள் (கயிறு கோக்கும் உலோகக் கொக்கிகள்), நாடாக்கள், தலையில் கட்டும் விளக்கு, ஒரு சிறிய வீடியோ கேமரா, விலை மலிவான ஒரு மல்டி டூல் (கத்தி, குறடு போன்றவை ஒன்றாக மடங்கிய கருவி). உடம்பில் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும். குளிருக்குக் கயிற்றையே கால்களில் சுற்றிக்கொண்டார்.

முதலில் செய்தது கல்லைச் செதுக்குவது. பல மணி நேரம் செதுக்கியதில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. கத்தியின் முனை மழுங்கியது. பின்னால் அந்தக் கத்தியே உயிர் காக்கும் கருவியாக வேண்டியிருந்தது என்பதால் இந்த மழுங்கலுக்கு அவர் பெரிய விலை கொடுத்தார். ஆனால் அந்த நேரத்தில் கல்லை உடைப்பதுதான் நியாயமான முதல் முயற்சி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்தது கப்பி. ஒற்றைக் கையால் நாடாவை முடிச்சோடு மேலே வீசி வீசி, ஒரு பாறை விளிம்பில் மாட்டவைத்தார். அதிலிருந்து கயிற்றைக் காராபைனர்கள் வழியாக மடக்கி விட்டு, கல்லைத் தூக்கும் அமைப்பைக் கட்டினார். பொறியாளர் என்பது இங்கே தெரிகிறது. கல் அசையவில்லை. ஏன் என்று ஒரு பொதுவான கணக்கு போட்டுப் பார்க்கலாம். மலை மீட்பில் வழக்கமாகப் பயன்படும் Z வடிவ அமைப்பு, ஏட்டுக் கணக்கில் இழுக்கும் விசையை மூன்று மடங்காக்கும். உருளும் கப்பி இல்லாமல் காராபைனரில் கயிறு உரசி வளையும்போது ஒவ்வொரு வளைவிலும் விசையில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலுமோ உராய்வில் போய்விடும். மூன்று மடங்கு என்பது இரண்டு மடங்காகச் சுருங்கும். 75 கிலோ ஆள் தன் முழு எடையையும் கயிற்றில் போட்டால்கூடக் கல்லுக்குக் கிடைப்பது 150 கிலோ அளவு தூக்குவிசை. கல்லோ 360 கிலோ, அதுவும் இரு சுவருக்கும் நடுவே இறுகிய கல். போதாததற்கு, ஏறும் கயிறு விழுகிறவரைத் தாங்கி நீளும்படி செய்யப்பட்டது. இழுக்கும் விசையில் ஒரு பகுதியைக் கயிறு நீண்டே விழுங்கிவிடும். உடம்பில் முழு பலம் இருந்த முதல் நாளிலேயே ஜெயிக்க முடியாத கணக்கு அது.

அந்த முயற்சியில் ஒன்று மட்டும் உதவியது. அதே கயிற்று அமைப்பில் ஹார்னெஸை மாட்டி, அவ்வப்போது தொங்கி உட்கார்ந்து கால்களுக்கு ஓய்வு கொடுக்க முடிந்தது. ஐந்து நாட்களும் முழுக்க நின்றுகொண்டே இருந்திருந்தால் அவர் முன்னதாகவே சரிந்திருப்பார்.

கையை வெட்டுவது பற்றி அவர் ஆரம்பத்திலேயே யோசித்தார். முயன்றும் பார்த்தார். மழுங்கிய கத்தி தோலைக்கூடச் சரியாகக் கிழிக்கவில்லை. பிறகு குத்தி உள்ளே இறக்கியபோது எலும்பில் முட்டி நின்றது. அந்தக் கத்தியால் எலும்பை அறுக்க முடியாது என்று தெரிந்ததும் அந்த வழி மூடிவிட்டதாக எண்ணினார். தண்ணீர் தீர்ந்தது. சிறுநீரைக் குடித்தார். பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் கேமராவில் விடைபெறும் செய்திகளைப் பதிவு செய்தார். புதன்கிழமை ராத்திரி, காலைவரை தாங்க மாட்டோம் என்று முடிவு செய்து, தன் பெயரையும் பிறந்த மாதத்தையும் இறக்கும் மாதத்தையும் மணற்கல் சுவரில் கீறி வைத்தார்.

வியாழக்கிழமை காலை

காலையில் உயிரோடு விழித்தார். நசுங்கிய கை அழுகத் தொடங்கியிருந்தது. ஆத்திரத்தில் உடம்பைத் திருகியபோது, கல்லில் இறுகிப் பிடிபட்ட கை வளைவதை உணர்ந்தார். அந்தக் கணத்தில்தான் அவருக்குப் புரிந்தது: எலும்பை அறுக்க வேண்டாம், முறிக்கலாம். கை எவ்வளவு முயன்றும் வெளியே வராமல் கல் பிடித்து வைத்திருந்ததுதான் முறிப்பதற்குத் தேவையான பிடி. உடம்பின் எடையை ஒரு பக்கமாகத் தள்ளி முதலில் ஆர எலும்பை முறித்தார். சில நிமிடங்களில் முன்கையின் மற்ற எலும்பையும். ரத்தம் போகாதபடி மேலே இறுக்கிக் கட்டினார். தோலையும் தசையையும் சிறிய கத்தியால், கெட்டியான நாண்களை அதே கருவியில் இருந்த குறட்டால். நரம்பை அறுத்ததுதான் தாங்க முடியாத வலி. சுமார் ஒரு மணி நேரம் பிடித்தது.

மருத்துவக் கோணத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த உறுப்பைத் திடீரென்று விடுவித்தால், செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தொடை நசுங்கியவர்களுக்கு இது உயிரைப் பறிக்கும். கையில் தசை குறைவு. அதுவும் அந்தப் பகுதி வெட்டி விடப்பட்டதால் ரத்தத்தில் கலக்கவே இல்லை. இறுக்குக்கட்டை மணிக்கணக்கில் விட்டால் கட்டுக்குக் கீழே உள்ள பகுதி சாகும் என்ற கவலையும் இங்கே சின்னதுதான். இவர் விஷயத்தில் ரத்தமும் நீரும் வற்றிப்போவதே உண்மையான எதிரி. மருத்துவமனைக்கு வந்தபோது ரத்தத்தில் கால் பங்கு போயிருந்தது, எடையில் 18 கிலோ குறைந்திருந்தது.

விடுபட்டதோடு கதை முடியவில்லை. மிச்சமிருந்த இடுக்கை ஒற்றைக் கையோடு கடந்து, சுமார் 20 மீட்டர் செங்குத்துச் சுவரில் கயிறு கட்டி இறங்க வேண்டியிருந்தது. கயிறு கட்டும் பிடிமானத்தைச் சரிபார்ப்பது, கயிற்றைக் கருவியில் கோப்பது, இறங்கும் வேகத்தைப் பிடிப்பது எல்லாமே இடது கையால். முன்பு ஆயிரம் முறை செய்து கைக்குப் பழகிய வேலையாக இருந்ததால்தான் மூளை மங்கிய நிலையிலும் முடிந்தது. அடியில் தேங்கி நின்ற தண்ணீரைக் குடித்தார். அப்புறம் வெயிலில் ஹார்ஸ்ஷூவின் மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடை. கிரேட் கேலரி பார்க்க வந்திருந்த நெதர்லாந்துக் குடும்பம் ஒன்று அவரைப் பார்த்தது. தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். உதவி கேட்க அவர்களில் சிலர் முன்னால் ஓடினார்கள்.

ஹெலிகாப்டர் எப்படி அங்கே வந்தது

இந்த இடத்தில்தான் பலரும் கதையை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் அவரைத் தேடி அப்போதே அந்தப் பள்ளத்தாக்கின் மேல் பறந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பம் கூப்பிட்டு வரவில்லை. வண்டி நிறுத்தம்வரை ஓடி, மண் சாலையில் வண்டியை ஓட்டி, தொலைபேசியைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு ஒரு ஹெலிகாப்டர் கிளம்பி வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம். கையை வெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஹெலிகாப்டரில் ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வர வேண்டியவர் வரவில்லை. எப்போதும் நேரத்துக்கு வருகிற ஆள். புதன்கிழமையும் வராததால் கடையின் மேலாளர் பெற்றோருக்கும் போலீசுக்கும் தகவல் கொடுத்தார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய அம்மா மகனின் மின்னஞ்சல் கணக்குக்குள் எப்படியோ நுழைந்து, யூட்டாவைப் பற்றி நண்பர்களிடம் என்ன எழுதியிருக்கிறார் என்று துழாவினார். யூட்டாவின் அதிகாரிகளை விடாமல் தொலைபேசியில் அழைத்தார். வண்டி நிறுத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். ஹார்ஸ்ஷூவில் அவருடைய வண்டி நிற்பது தெரிந்த பிறகுதான் தேடல் ஒரு பள்ளத்தாக்குக்குள் சுருங்கியது. எமரி கவுண்டியின் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) ஷெரிஃப் காவல் துறையினர் மாநில ஹெலிகாப்டரில் புறப்பட்டார்கள்.

அவர் காலையில் கையை வெட்டாமல் இருந்திருந்தால்? ஹெலிகாப்டரால் இடுக்குக்குள் பார்க்க முடியாது. தரைவழித் தேடலும் வண்டியிலிருந்து தொடங்கி ஹார்ஸ்ஷூவில்தான் முதலில் போயிருக்கும். அவர் வெளியே நடந்து வந்ததும் வேண்டும், மேலே ஆள் இருந்ததும் வேண்டும். இரண்டும் ஒரே பிற்பகலில் சந்தித்தன.

அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தால்? ‘சனி ராத்திரிக்குள் ப்ளூ ஜானிலிருந்து வெளியே வருவேன், ஞாயிறு காலைவரை கூப்பிடாவிட்டால் தேடுங்கள்’ என்று ஒருவரிடம் ஒரே ஒரு வாக்கியம். ஞாயிறு பிற்பகலிலோ திங்களன்றோ மீட்புக் குழு அந்த இடுக்கில் இறங்கியிருக்கும். கை ஒருவேளை அப்போதும் போயிருக்கலாம்; சில மணி நேரம் ரத்த ஓட்டம் நின்றாலே கை பிழைப்பது கடினம். ஆனால் அது மயக்க மருந்தோடு மருத்துவர் கையால் நடந்திருக்கும். பூங்கா ஊழியர்கள் பின்னர் அந்தக் கையை மீட்கப் போனபோது கல்லை நகர்த்த 13 பேரும், விஞ்ச் என்ற இழுவைப் பொறியும், ஹைட்ராலிக் ஜாக்கும் தேவைப்பட்டன. நகர்த்த முடிகிற கல்தான் அது. அவருக்குத் தேவைப்பட்டது ஆட்கள்.

யூட்டாவுக்கு இது புதிய கதையும் இல்லை. 1934 நவம்பரில் எவரெட் ரூயஸ் என்ற 20 வயது இளைஞர் எஸ்கலான்டே பகுதிப் பள்ளத்தாக்குகளுக்குள் தனியாகப் போனார். ஓரிரு மாதம் கடிதம் வராது என்று வீட்டுக்கு எழுதியிருந்ததால் பெற்றோர் காத்திருந்தார்கள். தேடல் தொடங்கியபோது 1935 மார்ச் ஆகிவிட்டது. அவருடைய கழுதைகள் டேவிஸ் கல்ச் என்ற இடத்தில் கிடைத்தன. அவர் கிடைக்கவே இல்லை.

இன்றைய கருவிகள்

தனிநபர் அவசரக் குறிகாட்டிக் கருவி, அதாவது செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சைகை அனுப்பும் சின்னப் பெட்டி, அமெரிக்கா முழுவதும் நிலத்தில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது 2003 ஜூலை 1 அன்று. அவர் சிக்கி இரண்டு மாதம் கழித்து. இப்போது கைப்பேசியிலேயே செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்துவிட்டது. கட்டாயம் கொண்டுபோக வேண்டும், இதில் இரண்டு கருத்து கிடையாது.

இருந்தாலும் ஸ்லாட் கேன்யன் இந்தக் கருவிகளுக்கு மிகக் கஷ்டமான இடம். அவற்றுக்கு வானம் தெரிய வேண்டும். ஒரு மீட்டர் அகல இடுக்கின் அடியில் தெரிவது ஒரு கீற்று வானம். செய்தி தாமதமாகலாம், போகாமலும் போகலாம். அதோடு கருவி பையின் அடியில் இருந்து, பை கைக்கு எட்டாத இடத்தில் விழுந்தால் அது இருந்தும் இல்லாததுதான். தோள்பட்டையில், எந்தக் கையாலும் எடுக்கும்படி மாட்ட வேண்டும். அப்போதும் அது வீட்டில் விட்டுப் போகும் குறிப்புக்கு மாற்றாகாது.

குறிப்பு என்றால் ‘யூட்டா போறேன்’ என்பது குறிப்பில்லை. எந்தப் பள்ளத்தாக்கு, எந்தப் பக்கம் இறங்கி எந்தப் பக்கம் ஏறுவது, வண்டி நிற்கும் இடம், வண்டியின் நிறமும் எண்ணும், கூட வருகிறவர்கள், வழியில் திட்டம் மாறினால் மாற்றுப் பாதை எது, இத்தனையும் இருக்க வேண்டும். சைக்கிளை ஓரிடத்தில் விட்டு வேறோரிடத்தில் வெளியே வருகிற மாதிரிச் சுற்றுப் பாதை என்றால் இரண்டு முனைகளையும் எழுத வேண்டும். தேடுகிறவர்கள் வண்டியைக் கண்டதும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள், ஆள் மறுமுனையில் இருப்பார். எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் தேடச் சொல்ல வேண்டும் என்று தேதியோடு எழுத வேண்டும். அந்தக் கெடுவில் ‘கொஞ்சம் லேட்டாகலாம், பயப்படாதே’ என்று சேர்க்கக் கூடாது. லேட்டாகக்கூடிய நேரத்தையும் கூட்டித்தான் கெடுவைக் குறிக்க வேண்டும்.

கடைசி வரி யாரை அழைப்பது என்பது. யூட்டாவில் தேடல், மீட்புப் பொறுப்பு அந்தந்தக் கவுண்டி ஷெரிஃபுடையது. ப்ளூ ஜான் வேய்ன் கவுண்டியில் இருக்கிறது. அன்று தேடி வந்தவர்கள் பக்கத்து எமரி கவுண்டிக்காரர்கள். ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் அம்மாவோ அறைத்தோழரோ நள்ளிரவில் இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எண்ணைக் குறிப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.